உறைபனி இரவில் ஒலிக்க வேண்டிய மணி
இத்தலார் போன்ற மலைக் கிராமங்களுக்கான இணையச் செயலியில் அறிவிப்பும் விருப்பத் தேர்வும்

நீலகிரி மாவட்டத்தில் உதகையிலிருந்து எமரால்டு செல்லும் சாலையில் அமைந்துள்ள ஊர் இத்தலார். மேட்டு நிலங்களில் தேயிலையும், பள்ளத்துத் தோட்டங்களில் உருளைக்கிழங்கு, கேரட், முட்டைக்கோசு, பூண்டு போன்ற மலைக் காய்கறிகளும் இங்கு விளைகின்றன. பெரும்பாலோர் ஒரு ஏக்கர், இரண்டு ஏக்கர் வைத்திருக்கும் சிறு விவசாயிகள். பறித்த பசுந்தேயிலையை அன்றே தொழிற்சாலைக்குச் சேர்க்க வேண்டும். தோண்டிய கிழங்கை மேட்டுப்பாளையம் மண்டிக்கு அனுப்ப வேண்டும். இவர்களுக்கு நேரம் என்பது பணம் மட்டுமல்ல, விளைச்சலும் அதுவேதான்.

இப்படிப்பட்ட ஊரில் ஜனவரி மாத மாலை ஒன்றை எண்ணிப் பார்ப்போம். வானத்தில் மேகம் இல்லை. காற்றும் அடங்கி விட்டது. அன்றிரவு உறைபனி விழக்கூடும் என்ற செய்தி மாலை நான்கு மணிக்கே ஒரு விவசாயியின் கைப்பேசிக்கு வந்து சேருகிறது. ஆனால் அவர் அதைப் பார்க்கவில்லை. முந்தைய மாதம் முழுவதும் நெல் நாற்றங்கால், வாழைக்கன்று, தென்னைக் காப்பீடு என்று தமக்குத் தொடர்பில்லாத செய்திகள் நாளுக்கு ஆறு வீதம் வந்து குவிந்ததால், அவர் அந்தச் செயலியின் ஒலியையே நிறுத்தி வைத்து விட்டார். மறுநாள் காலை பள்ளத்துத் தேயிலைக் கொழுந்து கருகிப் போயிருக்கிறது.

செய்தி அனுப்பியவர் தம் கடமையைச் செய்து விட்டார். பெற வேண்டியவர் பெறவில்லை. நடுவில் குறைந்தது என்ன? எவருக்கு எந்தச் செய்தி, எப்போது, எந்த வழியில் வேண்டும் என்று கேட்டு எழுதி வைத்துக்கொள்ளும் ஏற்பாடு இல்லாமையே ஆகும். கணினித் துறையினர் இதனை ‘விருப்பத் தேர்வு’ என்கிறார்கள். அறிவிப்பும் விருப்பத் தேர்வும் ஒரே நுகத்தில் பூட்டப்பட்ட இரண்டு மாடுகள் போன்றவை. ஒன்றை மட்டும் ஓட்டினால் ஏர் நேராகப் போகாது.

செய்தி சொல்லும் முறை புதிதல்ல

விவசாயிக்குச் செய்தி எட்டச் செய்வதில் தமிழ்நாட்டுக்கு நீண்ட அனுபவம் உண்டு. 1960களில் ஆடுதுறை 27 நெல் இரகம் தஞ்சை மாவட்டத்தில் பரவியபோது, திருச்சி வானொலியின் பண்ணைச் செய்திகள் வழியாக அதை அறிந்த விவசாயிகள் அந்த நெல்லையே ‘ரேடியோ நெல்’ என்று அழைத்தார்கள். வானொலியில் ஒரு வசதி இருந்தது. குறித்த நேரத்தில் பெட்டியைத் திறந்தால் போதும். ஒரு குறையும் இருந்தது. எல்லோருக்கும் ஒரே செய்திதான்.

புதுச்சேரிப் பகுதியில் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998ஆம் ஆண்டில் கிராம அறிவு மையங்களை ஏற்படுத்தத் தொடங்கியது. கடலோரக் கிராமமான வீராம்பட்டினத்தில் அலையின் உயரம் பற்றிய தகவல் இணையத்திலிருந்து எடுக்கப்பட்டு ஒலிபெருக்கியில் அறிவிக்கப்பட்டது. 2004 டிசம்பர் 26 அன்று சுனாமி வந்தபோது, நல்லவாடு என்னும் மீனவக் கிராமத்திற்குச் சிங்கப்பூரிலிருந்து தொலைபேசியில் எச்சரிக்கை வந்தது. அறிவு மையத்தின் ஒலிபெருக்கியில் அது உடனே அறிவிக்கப்பட்டது. ஆயிரக்கணக்கானோர் வெளியேறி உயிர் பிழைத்தனர். அந்த நேரத்தில் யாருக்கு என்ன விருப்பம் என்று கேட்டுக்கொண்டிருக்க இடமில்லை. இது பின்னால் பயன்படப் போகும் பாடம் ஆகும்.

பயிர் வாரியாகப் பிரித்துச் செய்தி அனுப்பும் முயற்சியாக மத்திய அரசு 2013 ஜூலையில் ‘எம்-கிசான்’ என்ற குறுஞ்செய்தித் திட்டத்தைத் தொடங்கியது. இதில் பதிவு செய்த விவசாயி தமக்குத் தேவையான பயிர்களை, அதிகபட்சம் எட்டு வரை, தேர்ந்தெடுத்துச் சொல்லலாம் என்று வகை செய்யப்பட்டது. தமிழக அரசின் ‘உழவன்’ செயலி 2018 ஏப்ரல் 5 அன்று தொடங்கப்பட்டது. மானியத் திட்டங்கள், உரம் மற்றும் விதை இருப்பு, சந்தை விலை, வானிலை ஆகியவற்றை அதில் தமிழிலேயே பார்க்கலாம். 2019 ஆகஸ்டில் இந்திய வானிலைத் துறையும் கூட்டு நிறுவனங்களும் ‘மேகதூத்’ செயலியை வெளியிட்டன. செவ்வாய், வெள்ளி என்று வாரம் இரு முறை வெளியாகும் வேளாண் வானிலை அறிவுரைகளை மாவட்ட வாரியாக விவசாயிக்குக் கொண்டு சேர்ப்பது அதன் நோக்கம்.

மாவட்ட அளவில் இவை பயன் தருகின்றன. ஆயினும் ஓர் ஊரின் அளவில், ஒரு தொழிற்சாலையின் அளவில் தேவைப்படும் செய்திகள் வேறு. இலை வண்டி இன்று எத்தனை மணிக்கு வரும், நேற்று கொடுத்த இலையின் எடை எவ்வளவு, சென்ற மாதத்திற்கு என்ன விலை என்பனவற்றை ஊர் அளவிலான செயலியே சொல்ல முடியும். நீலகிரியில் முதல் கூட்டுறவுத் தேயிலைத் தொழிற்சாலை குந்தாவில் 1962ஆம் ஆண்டில் ஏற்பட்டது. இத்தகைய தொழிற்சாலைகளின் கூட்டமைப்பான ‘இண்ட்கோசர்வ்’ 1965ஆம் ஆண்டிலிருந்து குன்னூரைத் தலைமையிடமாகக் கொண்டு இயங்கி வருகிறது. இத்தலாரிலும் கூட்டுறவுத் தேயிலைத் தொழிற்சாலை உண்டு. இது போன்ற சங்கமோ, உழவர் உற்பத்தியாளர் நிறுவனமோ, ஊரின் படித்த இளைஞர்களோ தங்களுக்கென ஓர் இணையச் செயலி அமைக்க முற்பட்டால் கவனிக்க வேண்டியவை எவை என்பதைக் கீழே காணலாம்.

மூன்று வழிகள்

இணையச் செயலி என்பது கைப்பேசியின் உலாவியில் முகவரியைத் தட்டினால் திறந்துகொள்வது. தனியாக இறக்கி வைக்க வேண்டியதில்லை. இதில் செய்தி சொல்ல மூன்று வழிகள் உள்ளன.

முதலாவது, செயலிக்குள்ளேயே தோன்றும் அறிவிப்பு. மேல் மூலையில் ஒரு மணிப் படம் இருக்கும். படிக்காத செய்தி இருந்தால் அதன் மேல் சிவப்பு எண் தெரியும். இது செலவில்லாதது, தொல்லையில்லாதது. ஆனால் விவசாயி செயலியைத் திறந்தால்தான் கண்ணில் படும். பணப் பட்டுவாடா, இலை எடை போன்ற அவசரமில்லாத செய்திகளுக்கு இது போதுமானது.

இரண்டாவது, செயலி மூடியிருக்கும்போதும் கைப்பேசியைத் தட்டி எழுப்பும் அறிவிப்பு. இதற்கு விவசாயியின் அனுமதி வேண்டும். முதல் தடவை திறந்தவுடனேயே ‘அனுமதிக்கிறீர்களா?’ என்று கேட்டால் பலரும் ‘வேண்டாம்’ என்று தட்டி விடுவார்கள். ஒரு முறை மறுத்து விட்டால் உலாவி மீண்டும் எளிதில் கேட்க விடாது. 2022இல் வந்த ஆண்ட்ராய்டு 13 முதல், இறக்கி வைக்கும் செயலிகளும் இவ்வாறு அனுமதி கேட்டே ஆக வேண்டும். ஐபோன்களில் 2023 மார்ச் முதல்தான் இணையச் செயலிகள் இவ்வகை அறிவிப்பை அனுப்ப முடிகிறது. அதுவும் செயலியை முகப்புத் திரையில் சேர்த்து வைத்திருந்தால் மட்டுமே. ஆகவே விவசாயி உறைபனி எச்சரிக்கை வேண்டும் என்று தாமே குறியிடும் வேளையில், அதன் காரணத்தைச் சொல்லி அனுமதி கேட்பதே முறை.

மூன்றாவது, குறுஞ்செய்தி. இணையம் இல்லாத பட்டன் கைப்பேசிக்கும் இது போய்ச் சேரும். மலைச்சரிவுகளில் இணைய இணைப்பு வந்து வந்து போகும் இடங்களில் இதுவே நம்பகமானது. ஆனால் ஒவ்வொன்றுக்கும் கட்டணம் உண்டு. தமிழில் ஒரு குறுஞ்செய்திக்குள் 70 குறிகள்தான் அடங்கும். ஆங்கிலத்தில் 160 அடங்கும். தமிழில் உயிர்மெய்க் குறியும் புள்ளியும் தனித்தனியாகக் கணக்கில் சேரும். ‘உறைபனி’ என்ற நான்கெழுத்துச் சொல் ஆறு குறிகளை எடுத்துக்கொள்கிறது. எனவே முன்னுரை, வணக்கம் எல்லாம் தவிர்த்து, ஆபத்து என்ன, எப்போது, என்ன செய்ய வேண்டும் என்ற மூன்றையும் முதல் வரியிலேயே சொல்லி விட வேண்டும்.

மூன்று பதிவேடுகள்

தொழிற்சாலையில் இலை வரவுக்கு ஒரு பதிவேடும் பட்டுவாடாவுக்கு ஒரு பதிவேடும் இருப்பது போல, அறிவிப்புக்கும் கணினியில் மூன்று பதிவேடுகள் தேவை.

ஒன்று, செய்திப் பதிவேடு. யாருக்கு, என்ன வகை, என்ன செய்தி, எப்போது எழுதப்பட்டது, எப்போது காலாவதியாகும், எப்போது படிக்கப்பட்டது என்ற பத்திகள் இதில் இருக்கும். காலாவதி நேரம் மிக அவசியம். இன்றிரவு உறைபனி என்ற செய்தி, கைப்பேசிக்கு இணைப்பு கிடைத்த நாளை மதியம் ஒலித்தால் அது பயனற்றது மட்டுமல்ல, அடுத்த இரவைக் குறிப்பதாகத் தவறாகவும் கொள்ளப்படும்.

இரண்டு, அனுப்பீட்டுப் பதிவேடு. எந்த வழியில் அனுப்பினோம், போய்ச் சேர்ந்ததா, சேரவில்லையா என்பதை இது சொல்லும். கைப்பேசி அறிவிப்பு அரை மணி நேரத்தில் சேரவில்லை என்றால் குறுஞ்செய்தி அனுப்பலாம் என்று விதி வகுக்க இதுவே ஆதாரம். ஒரே நிகழ்ச்சிக்கு ஒரே ஆளுக்கு இரண்டு முறை அனுப்பாமல் தடுப்பதும் இதன் வேலையே. நிகழ்ச்சிக்கு ஓர் அடையாள எண் கொடுத்து, அதே எண் அதே விவசாயிக்கு ஏற்கெனவே போயிருக்கிறதா என்று பார்த்து விட்டுத்தான் அனுப்ப வேண்டும்.

மூன்று, விருப்பப் பதிவேடு. ஒவ்வொரு விவசாயிக்கும், ஒவ்வொரு வகைச் செய்திக்கும், ஒவ்வொரு வழிக்கும் ‘வேண்டும்’ அல்லது ‘வேண்டாம்’ என்ற குறிப்பு. எதையும் மாற்றாதவர்களுக்கு என்ன செய்வது என்பதைப் பொது விதியாக ஓரிடத்தில் எழுதி வைக்க வேண்டும். உறுப்பினர் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எல்லா வரிகளையும் நிரப்பி வைத்தால், பின்னால் புதிய வகைச் செய்தி ஒன்று சேரும்போது பழைய உறுப்பினர்கள் விடுபட்டுப் போவார்கள். பெரும்பாலோர் எதையுமே மாற்ற மாட்டார்கள் என்பதால், இந்தப் பொது விதியை நிர்ணயிப்பதுதான் உண்மையில் பெரிய முடிவு. அதைக் கணினி எழுதுபவர் தனியாக எடுக்காமல், உறுப்பினர் கூட்டத்தில் வைத்து எடுப்பது நல்லது.

விருப்பத்தைச் சரிபார்ப்பது செய்தி அனுப்பும் கணத்தில் நடக்க வேண்டும். காலையில் தயாரித்த பட்டியலை வைத்து மாலையில் அனுப்பினால், நடுவில் ‘வேண்டாம்’ என்று மாற்றியவருக்கும் செய்தி போய், செயலியின் மேல் உள்ள நம்பிக்கை குறையும்.

செய்தி அனுப்பும் வேலையை இலை எடை பதியும் வேலையிலிருந்து பிரித்து வைப்பதும் அவசியம். கொள்முதல் நிலையத்தில் மூட்டைகளுடன் உறுப்பினர்கள் வரிசையில் நிற்கும்போது, ஒவ்வொரு எடைக்கும் குறுஞ்செய்தி போய்ச் சேரும் வரை கணினி காத்திருந்தால் வரிசை நகராது. எடையைப் பதிந்து விட்டு, செய்தியைத் தனி வரிசையில் போட்டு, பின்னணியில் அனுப்பச் செய்ய வேண்டும்.

மற்றொரு கணக்கும் உண்டு. 2,000 உறுப்பினர்களின் கைப்பேசிகள் நிமிடத்துக்கு ஒரு முறை ‘புதிய செய்தி உண்டா?’ என்று கேட்டுக்கொண்டிருந்தால், ஒரு நாளில் 28 லட்சத்து 80 ஆயிரம் கேள்விகள் ஆகின்றன. சிறிய சங்கத்தின் கணினிக்கும் விவசாயியின் இணையக் கட்டணத்துக்கும் இது வீண் சுமை. செயலியைத் திறக்கும்போது ஒரு முறையும், திறந்திருக்கும் வரை ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறையும் கேட்டால் போதும்.

கேட்க வேண்டிய கேள்விகள்

விருப்பத் தேர்வு என்றவுடன் நாற்பது கட்டங்களைக் கொண்ட பக்கத்தை நீட்டி விடக் கூடாது. ஐந்து கேள்விகள் போதும்.

என்ன பயிர்? தேயிலை மட்டும் வைத்திருப்பவருக்கு உருளைக்கிழங்கின் பின்கருகல் நோய் எச்சரிக்கை வேண்டியதில்லை. கிழங்கு போட்டவருக்கும் பயிர் நிலத்தில் இருக்கும் காலத்தில்தான் அது வேண்டும். நீலகிரியில் கார்போகம், கடைபோகம், நீர்போகம் என்று உருளைக்கு மூன்று போகங்கள் உண்டு. விதைத்த தேதியைக் கேட்டு வைத்துக்கொண்டால், அறுவடைக்குப் பின் எச்சரிக்கையைச் செயலியே நிறுத்திக்கொள்ளும்.

நிலம் மேட்டிலா, பள்ளத்திலா? இந்தக் கேள்வி மலைப் பகுதிக்கே உரியது. தெளிந்த வானமுள்ள இரவில் நிலம் வெப்பத்தை வேகமாக இழக்கிறது. குளிர்ந்த காற்று கனமானது. அது சரிவில் வழிந்து பள்ளத்தில் தேங்குகிறது. ஆகவே ஒரே ஊரில் மேட்டுத் தேயிலை தப்பி, ஓடையோரத் தேயிலை கருகுவதைக் காணலாம். வானிலை நிலையத்தில் அளக்கப்படும் வெப்பம் தரைக்கு நான்கடி உயரத்தில் உள்ள காற்றின் வெப்பமாகும். அங்கு இரண்டு, மூன்று டிகிரி காட்டும்போதே தரையில் புல்மேல் உறைபனி படிந்திருக்கலாம். ‘பூஜ்யத்துக்குக் கீழே போனால் அறிவி’ என்று செயலியில் விதி எழுதினால் பள்ளத்து விவசாயிக்கு எச்சரிக்கை வராமலே போய் விடும்.

எந்த எண்ணுக்கு? நிலம் தந்தை பெயரில் இருக்கும். பதிவு செய்த கைப்பேசி கோயம்புத்தூரில் வேலை பார்க்கும் மகனிடம் இருக்கும். தோட்டத்தில் நிற்பவரோ வீட்டுப் பெண்மணியாக இருப்பார். ஒரு கணக்குக்கு இரண்டு எண்கள் பதிய வசதி இருந்தால், பட்டுவாடாச் செய்தி ஒருவருக்கும் உறைபனிச் செய்தி தோட்டத்தில் இருப்பவருக்கும் போகும். இந்த ஒரு வசதி செயலியின் பாதிப் பயனைத் தீர்மானிக்கிறது எனலாம்.

எந்த வழியில்? செயலிக்குள் மட்டுமா, ஒலியுடனா, குறுஞ்செய்தியா என்பதை வகை வாரியாகக் கேட்க வேண்டும். படிக்கச் சிரமப்படும் முதியவர்களுக்குக் குரல் அழைப்பு பயன்படும்.

எந்த நேரத்தில்? இரவு ஒன்பது முதல் காலை ஐந்து வரை ஒலி வேண்டாம் என்று ஒருவர் குறிக்கலாம். அந்த நேரத்துச் செய்திகளைச் சேர்த்து வைத்துக் காலையில் ஒன்றாகத் தர வேண்டும். இலை எடை, ஏல விலை போன்றவற்றை நாளுக்கு ஒரு தொகுப்பாகத் தருவதே பலருக்கும் பிடித்திருக்கும்.

எதை நிறுத்தலாம், எதை நிறுத்தக் கூடாது

செய்திகளை நான்கு படிகளாகப் பிரித்துக்கொள்வது உதவும்.

முதல் படி, உயிருக்கு ஆபத்து. 2009 நவம்பரில் நீலகிரியில் பெய்த பெருமழையிலும் மண்சரிவிலும் 40க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். 2019 ஆகஸ்டில் எமரால்டை அடுத்த அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கும் மேல் மழை கொட்டியது. இத்தகைய எச்சரிக்கையில் விருப்பத் தேர்வுக்கு இடமில்லை. இரவானாலும் ஒலிக்க வேண்டும். நல்லவாட்டின் ஒலிபெருக்கி செய்த வேலை இதுவே. அதே காரணத்தால், இந்தப் படியை எதற்கெடுத்தாலும் பயன்படுத்தக் கூடாது. அரசின் அதிகாரபூர்வ எச்சரிக்கை வந்தால் மட்டுமே பயன்படுத்துவது என்றும், அதை அனுப்பும் அதிகாரம் யாருக்கு என்றும் எழுத்தில் இருக்க வேண்டும்.

இரண்டாம் படி, பயிருக்கு ஆபத்து. உறைபனி, உருளையில் பின்கருகல், தேயிலையில் கொப்புள நோய் ஆகியன இதில் அடங்கும். பின்கருகல் நோய்தான் 1845இல் அயர்லாந்தில் பெரும் பஞ்சத்துக்குக் காரணமானது. குளிரும் ஈரமும் சேர்ந்தால் சில நாட்களிலேயே ஒரு வயலை அழிக்க வல்லது. மேங்கோசெப் போன்ற பாதுகாப்பு மருந்து நோய் வருமுன் இலைமேல் படிந்திருந்தால்தான் பலன் தரும். ஆகவே இந்த எச்சரிக்கை இரண்டு நாள் முன்னதாக வந்தால் மருந்து, இரண்டு நாள் கழித்து வந்தால் இரங்கற் செய்தி. சிம்லாவிலுள்ள மத்திய உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிறுவனம் வெப்பத்தையும் ஈரப்பதத்தையும் கொண்டு இந்நோயை முன்கூட்டிக் கணிக்கும் இணையக் கணிப்பு முறையை உருவாக்கியுள்ளது. அந்நிறுவனத்தின் ஆராய்ச்சி நிலையம் உதகையை அடுத்த முத்தொரையிலேயே உள்ளது. தேயிலைக் கொப்புள நோய் 1946இல் தென்னிந்தியாவில் முதலில் தோன்றியது. வெயில் குறைந்து மூடுபனி நீடிக்கும் நாட்களில் இளந்தளிரைத் தாக்குகிறது. இந்தப் படியில் பொது விதி ‘வேண்டும்’ என்று இருக்க வேண்டும். விவசாயி விரும்பினால் நிறுத்தலாம். நிறுத்தும் முன் ‘உறைபனி எச்சரிக்கையும் நின்று விடும்’ என்று ஒரு வரி காட்டப்பட வேண்டும்.

மூன்றாம் படி, பணமும் அன்றாட வேலையும். இலை எடை, பட்டுவாடா, தேயிலை வாரியம் அறிவிக்கும் மாதாந்திர பசுந்தேயிலை விலை, குன்னூர் ஏல நிலவரம், இலை வண்டி நேரம் ஆகியன. இவற்றில் இலை வண்டி வரவில்லை என்ற செய்தி மட்டும் காலையில், பறிக்கத் தொடங்கும் முன் ஒலிக்க வேண்டும். பறித்த பின் வந்தால் இலை மூட்டையிலேயே சூடேறிக் கெட்டு விடும்.

நான்காம் படி, பொதுச் செய்திகள். பயிற்சி முகாம், மானிய விண்ணப்பம், பொதுக்குழுக் கூட்டம். இவை செயலிக்குள் இருந்தால் போதும். கேட்பவருக்கு மட்டும் ஒலியுடன் அனுப்பலாம்.

உரம், மருந்து விற்பனை விளம்பரங்களை இந்தப் படிகள் எதிலும் கலக்கக் கூடாது. விளம்பர அழைப்பும் செய்தியும் வேண்டாதவர்கள் 1909 என்ற எண்ணில் பதிவு செய்ய நாடு முழுவதும் ஏற்பாடு இருக்கிறது. எச்சரிக்கை வரும் அதே வழியில் விளம்பரமும் வந்தால், விவசாயி இரண்டையும் சேர்த்தே அடைத்து விடுவார். விவசாயி கொடுத்த எண்ணையும் நில விவரத்தையும் அவர் சம்மதித்த காரியத்துக்கு மட்டுமே பயன்படுத்த வேண்டும் என்பது 2023ஆம் ஆண்டின் தனிநபர் மின்னணுத் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கருத்தும் ஆகும்.

செய்தியில் என்ன இருக்க வேண்டும்

‘குறைந்தபட்ச வெப்பநிலை குறைய வாய்ப்பு’ என்று மட்டும் சொன்னால் விவசாயிக்கு வேலை தெளிவாகாது. ‘இன்று இரவு பள்ளத்தில் உறைபனி. இளஞ்செடிகளை மாலைக்குள் மூடுக’ என்பது செய்தி. காய்ந்த புல்லோ மிலார் தழையோ வெட்டி வந்து மூடுவதற்கு இரண்டு மூன்று மணி நேரமாவது வேண்டும். தெளிப்பான் வைத்திருப்பவர்கள் அதைத் தயார் செய்து வைக்கவும் வெளிச்சம் வேண்டும். ஆகவே இந்த எச்சரிக்கை மதியம் இரண்டு மணிக்குள் போய்ச் சேர வேண்டும் என்று செயலியில் நேரம் குறிக்க வேண்டும். இரவு எட்டு மணிக்கு அனுப்பினால் மனக் கவலைதான் மிஞ்சும்.

எச்சரிக்கை தவறியும் போகலாம். உறைபனி வரும் என்று சொல்லி வராத இரவுகள் இருக்கும். இதை மறைக்காமல், மறுநாள் ‘உங்கள் தோட்டத்தில் உறைபனி விழுந்ததா?’ என்று ஒரே தட்டலில் பதில் கேட்டால், எந்தப் பள்ளத்தில் எந்த வெப்பத்தில் விழுகிறது என்ற விவரம் இரண்டு மூன்று குளிர்காலங்களில் ஊருக்கே சொந்தமாகச் சேர்ந்து விடும். அடுத்த எச்சரிக்கை அதனால் திருந்தும்.

விவசாயிகள் செய்ய வேண்டியவை

தற்போது ஏதேனும் வேளாண் செயலியைப் பயன்படுத்துவோர் கீழ்க்கண்டவற்றை இந்த வாரமே சரிபார்ப்பது நல்லது.

1. கைப்பேசியின் அமைப்புப் பகுதியில் அந்தச் செயலிக்கு அறிவிப்பு அனுமதி உள்ளதா என்று பார்க்கவும். தொல்லை தரும் வகையை மட்டும் நிறுத்த வழி இருந்தால் அதை மட்டும் நிறுத்தவும். முழுவதையும் நிறுத்த வேண்டாம்.

2. பதிவில் உள்ள மாவட்டம், வட்டாரம், கிராமம், பயிர் ஆகியவை சரிதானா என்று பார்க்கவும். எண் மாறியிருந்தால் உடனே திருத்தவும்.

3. பதிவு செய்த கைப்பேசி தோட்டத்தில் இல்லாதவரிடம் இருந்தால், எச்சரிக்கை வந்தவுடன் வீட்டுக்கு அழைத்துச் சொல்லும்படி ஏற்பாடு செய்து கொள்ளவும்.

4. டிசம்பர் முதல் பிப்ரவரி வரை, வானம் தெளிந்து காற்று அடங்கிய மாலைகளில், செய்தி வந்தாலும் வராவிட்டாலும் பள்ளத்து இளஞ்செடிகளை மூடி வைக்கவும். செயலி கண்ணுக்குத் துணையே தவிர, கண்ணுக்கு மாற்று அல்ல.

5. கைப்பேசியில் இணையம் இல்லாதவர்கள் 1800-180-1551 என்ற கட்டணமில்லா உழவர் அழைப்பு மைய எண்ணில் காலை ஆறு முதல் இரவு பத்து மணி வரை தமிழிலேயே ஆலோசனை பெறலாம்.

செயலி அமைக்க முன்வரும் சங்கங்களும் இளைஞர்களும், முதல் ஆண்டில் உறைபனி, இலை வண்டி, பட்டுவாடா ஆகிய மூன்று வகைச் செய்திகளுடன் மட்டும் தொடங்கினால் போதும். எத்தனை செய்தி அனுப்பினோம் என்பதைக் கணக்கிடுவதை விட, எத்தனை பேர் ஒலியை நிறுத்தி விட்டார்கள் என்பதை மாதந்தோறும் கணக்கிட வேண்டும். அந்த எண்ணிக்கை கூடினால் செய்திகளைக் குறைக்க வேண்டிய நேரம் வந்து விட்டது என்று பொருள். குளிர்காலம் முழுவதும் நாலைந்து முறை மட்டும் ஒலித்து, ஒவ்வொரு முறையும் விவசாயி எழுந்து தோட்டத்துக்குப் போகும்படி செய்யும் மணியே இத்தலாருக்கும் அதன் அக்கம்பக்க ஊர்களுக்கும் பயன்படும்.